கூடையில் கிடந்த விளையாட்டுகள்

என் மூத்த சகோதரர், நானா, சவூதியில் வேலைக்குப் போய் முதல் தடவை லீவில் வந்தபோது நான் ஏழாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்த பெரிய பெட்டியை நடுவீட்டில் வைத்து வாப்பா கயிற்றை வெட்டினார். தொழுகைப் பாய்கள், சவர்க்காரக் கட்டிகள், உம்மாவுக்கு ஒரு போர்வை, பால்மா எல்லாம் வெளியே வந்தபிறகு அடியில் துவாயில் சுற்றிய ஒரு கறுப்பு மெஷின் இருந்தது. டீவியில் மாட்டி கேம் விளையாடுகிற மெஷின். நானாவோடு ஒரே அறையில் இருந்த பிலிப்பீன்காரர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். எந்த நாட்டு டிஸ்க் போட்டாலும் ஓடும்படி அவர் அதைத் திருத்தி வைத்திருந்தார்.

கூடவே ஒரு பை நிறைய டிஸ்க்குகள். கடை வாசலில் ஒரு கூடையில் கிடந்தவற்றை அள்ளிக்கொண்டு வந்ததாக நானா சொன்னார். நல்ல விளையாட்டுகளைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைப்பார்களாம், ஒருவரும் வாங்காததைத்தான் கூடையில் போடுவார்களாம். அக்கம்பக்கத்துப் பெடியன்கள் அன்று பின்னேரமே கூட்டமாக வந்துவிட்டார்கள். கால்பந்து இருக்கிறதா, கார் ஓட்டம் இருக்கிறதா, துவக்கால் சுடுகிற சண்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை. குடை விற்கிற கடைக்காரன் இருந்தான். பஸ் ஓட்டுகிறவன் இருந்தான். ஆடு மேய்க்கிற ஒரு பிள்ளை இருந்தது. பெடியன்கள் போனவர்கள் திரும்பி வரவில்லை. நானாவும் லீவு முடிந்து போய்விட்டார். மெஷின் எனக்கு மிஞ்சியது.

அதில் ஒரு குறை இருந்தது. விளையாடியதை ஞாபகம் வைத்திருக்க ஒரு சின்ன கார்ட் செருக வேண்டும். அப்படி ஒன்று வேண்டும் என்பது நானாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் ஊரான கற்பிட்டியில் அதை விற்கிற கடையும் இல்லை. அதனால் எவ்வளவு தூரம் போனாலும் மெஷினை நிறுத்தினால் மறுநாள் முதலிலிருந்துதான். எந்த விளையாட்டின் முடிவையும் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றின் தொடக்கமும் எனக்கு மனப்பாடம்.

அந்த வருடம்தான் அவள் எங்கள் வகுப்புக்கு வந்தாள். வன்னியிலிருந்து சண்டைக்குத் தப்பி வந்த குடும்பம். அவளுடைய அப்பா பள்ளிவாசல்துறையில் ஒரு மீன்பிடி வள்ளத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வாப்பா கருவாடு காயவைக்கிற வாடிக்குப் பின்னால் இருந்த வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வகுப்பில் அவள் வாயே திறக்கமாட்டாள். ஒருநாள் ரீச்சர் எழுப்பி ஏதோ கேட்க, அவள் தன் ஊர்ப் பேச்சில் 'வரேக்க', 'போகேக்க' என்று பதில் சொன்னாள். முழு வகுப்பும் சிரித்தது. அதற்குப் பிறகு பேச்சை இன்னும் குறைத்துக்கொண்டாள்.

விட்டுப்போன நோட்ஸ் எழுத எங்கள் வீட்டுக்கு வந்தபோதுதான் அவளுடைய குரலை நான் ஒழுங்காகக் கேட்டேன். நான் டீவிக்கு முன்னால் இருந்து, திரையில் ஒரு பெண்ணை நடத்திக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வராமல் நின்றபடியே கேட்டாள்:

"உவ ஏன் இடப்பக்கம் போகேல்ல?"

நான் திரும்பிப் பார்த்தேன். திரையின் இடது ஓரத்தில், மூங்கில் வேலிக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது. தினமும் அந்த இடத்தைக் கடந்துகொண்டிருந்தேன், ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. கொன்ட்ரோலரை அவள் கையில் கொடுத்தேன். அன்று நோட்ஸ் எழுதவில்லை.

அதன்பிறகு அவள் அநேகமாக எல்லாப் பின்னேரமும் வந்தாள். உம்மாவுடைய சட்டம் ஒன்றுதான். பின்னேரம் அஸர் தொழுத பிறகு டீவியைப் போடலாம், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்வது கேட்டதும் நிறுத்த வேண்டும். அதற்கு இடைப்பட்ட நேரம் முழுக்க எங்களுடையது. ஒரு கொன்ட்ரோலர்தான் இருந்தது. ஒருத்தி விளையாட மற்றவள் வழி சொல்ல வேண்டும். நான் கையில் கெட்டிக்காரி. அவள் கண்ணில் கெட்டிக்காரி. உம்மாவை நான் கூப்பிடுகிற மாதிரியே அவளும் உம்மா என்று கூப்பிடத் தொடங்கினாள். உம்மா அவளை மகள் என்றார்.

எங்களுக்கு மிகப் பிடித்த விளையாட்டுக்கு 'வண்டிக்காரி' என்று பெயர் வைத்திருந்தோம். அதன் உண்மைப் பெயர் எங்களுக்குத் தெரியாது. டிஸ்க்கின் மேலே எழுதியிருந்ததும் உள்ளே எழுதியிருந்ததும் முழுக்க ஜப்பான் எழுத்து. ஒரு பெண் மழையில் இரண்டு சில்லு வண்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போவாள். வண்டியில் சாக்குப் போட்டு மூடிய ஒரு பெட்டி. ஊர் ஊராகப் போவாள். சில வீட்டுக்காரர்கள் பெட்டியைப் பார்த்ததும் கதவைச் சாத்துவார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கும்பிடுவார். ஒரு சின்னப் பிள்ளை கிட்டே வந்து பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டு ஓடிப்போகும். எல்லாரும் ஏதோ கதைப்பார்கள். ஒரு எழுத்தும் விளங்காது.

இந்த விளையாட்டைப் போடும்போது மட்டும் டீவியிலிருந்து ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருக்கும். டீவியின் தொண்டை பழுதாகிவிட்டது என்று உம்மா சொல்லிவிட்டார். வாப்பா அதைத் தூக்கி லொறியில் வைத்து, கருவாட்டு மூட்டைகளோடு புத்தளத்துக்குக் கொண்டுபோய்த் திருத்தக் கொடுத்தார். திருத்தி வந்த பிறகும் சத்தம் வந்தது. இன்னொரு தரமும் கொண்டுபோனார், அப்போதும் நிற்கவில்லை.

எழுத்து விளங்காததால் கதையை நாங்களே உண்டாக்க வேண்டியிருந்தது. என் கதையில் வண்டிக்காரி தங்கச்சியின் கலியாணத்துக்குப் போகிறாள். பெட்டிக்குள் கலியாணப் பெண்ணுக்கான உடுப்பும் நகையும். கதவைச் சாத்துகிறவர்கள் பொறாமைக்காரர்கள். அவள் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

"இல்லையடி. அதுக்குள்ள அவையின்ர வீட்டுச் சாமான் இருக்கு. அவ திரும்பிப் போறா," என்றாள்.

எங்கே என்று கேட்டால், திரையில் தூரத்தில் தெரிகிற மலைக்கு அந்தப் பக்கம் என்பாள். பெட்டிக்குள் என்ன சாமான் என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றைச் சொல்வாள். ஒருநாள் கதவுப் பூட்டின் திறப்பு, ஒருநாள் அம்மிக்குழவி, ஒருநாள் ஒரு அடைகாக்கிற கோழி. கோழி எப்படிச் சத்தம் போடாமல் இருக்கும் என்று நான் கேட்டேன். அது பயத்தில் இருக்கிறது என்றாள்.

விளையாடி முடிக்கிற ஒவ்வொன்றுக்கும், முடிக்க முடியாத ஒவ்வொன்றுக்கும் என்று சொல்ல வேண்டும், நாங்கள் புள்ளி போட்டோம். புள்ளி மாலு பாணில்தான். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த பேக்கரியில் காலையில் சூடாக வரும் மீன் வைத்த மாலு பாணைவிட நல்ல பொருள் அப்போது எங்களுக்குத் தெரியாது. குடைக் கடைக்காரனுக்கு இரண்டு, அந்த ஊரில் மழையே பெய்யாது, அவன் என்னதான் செய்வான். பஸ்காரனுக்கு நாலு. அவன் பஸ் ஹோல்ட்டில் சரியாகக் கோட்டிலேயே நிறுத்த வேண்டும், பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கிப் போட்டாலும் பயணிகள் முகத்தைச் சுளிப்பார்கள். கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்திக்கு ஓடுகிற பஸ்காரர்களை இந்த விளையாட்டில் இருத்திப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்வாள். வண்டிக்காரிக்கு முழு ஐந்தும்.

ஒரு பின்னேரத்துக்குள் எட்ட முடியாத அந்த மலையைத் தாண்ட ஒரு வெள்ளிக்கிழமை முடிவெடுத்தோம். மஃரிபுக்கு டீவியை நிறுத்துவோம், மெஷினை நிறுத்தமாட்டோம். உம்மாவிடம் கெஞ்சி, சனிக்கிழமை காலையில் டீவி போடவும் அனுமதி வாங்கினோம். சூடாகாமல் இருக்க மெஷினை இரண்டு கவிழ்த்த கோப்பைகளுக்கு மேல் வைத்து, மேசை ஃபேனை அதற்கு நேரே திருப்பிவிட்டோம். உம்மா வந்து பார்த்துவிட்டு இதுக்கென்ன காய்ச்சலா என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை அவள் சாப்பிடாமலே வந்துவிட்டாள். இருவரும் மாறி மாறி விளையாடி, பகல் சோற்று நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் முதல்முறையாக மலை ஏறினோம். மழை நின்று பனி விழத் தொடங்கியது. அப்படி ஒரு இடம் அந்த டிஸ்க்குக்குள் இருந்தது என்பதே எங்களுக்குத் தெரியாது. வண்டிக்காரி நின்று மூச்சு வாங்கினாள். வாயிலிருந்து புகை வந்தது. நாங்கள் இருவரும் டீவிக்கு மிகக் கிட்டே போய்விட்டோம்.

அப்போது கரண்ட் போனது.

ஃபேன் சுற்றுவது மெதுவாகக் குறைந்து நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்தது. அவள் எழும்பிப் பாவாடையைத் தட்டிவிட்டுச் சொன்னாள்:

"பரவாயில்ல. இனி வழி தெரியும்தானே."

ஆனால் இரவு முழுக்க மெஷினை ஓடவிட உம்மா மறுபடி சம்மதிக்கவில்லை, அந்த வழியில் நாங்கள் பிறகு போகவில்லை. உப்புக் காற்று எங்கள் ஊரில் இரும்பைத் தின்னும், கதவுப் பிணைச்சலைத் தின்னும், அந்த மெஷினின் கண்ணையும் தின்றது. அடுத்த சோளகக் காற்றுக் காலம் முடிவதற்குள் அது எந்த டிஸ்க்கையும் வாசிக்க மறுத்தது. வாப்பா அதை அலுமாரியின் மேல் தூக்கி வைத்தார். நாங்கள் வாடியில் கருவாடு காய்கிற பந்தல்களுக்கு இடையில் நடந்து, விளையாடிய விளையாட்டுகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டே திரிந்தோம். யுத்தம் முடிந்து கொஞ்சக் காலத்தில் அவளுடைய குடும்பம் வன்னிக்குத் திரும்பியது. லொறியில் சாமான் ஏற்றிய நாளில் எனக்குப் பரீட்சை. நான் வீட்டுக்கு வந்தபோது அந்த வீட்டின் கதவு பூட்டியிருந்தது. உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாளாம். உம்மா அவளுக்கு ஒரு பொதி சூடைக் கருவாடு கொடுத்தனுப்பினாராம்.

நான் படித்தேன். பயிற்சிக் கலாசாலைக்குப் போய்க் கணினி ஆசிரியையாக வந்தேன். கலியாணம் செய்தேன். கணவர் டொல்பின் பார்க்க வருகிற வெள்ளைக்காரரைக் கடலுக்குக் கூட்டிப்போகிற போட் வைத்திருந்தார், இப்போதும் வைத்திருக்கிறார். உம்மாவோடு எங்கள் வீட்டிலேயே குடியிருக்கிறோம். அவளை நான் தேடாமல் இல்லை. ஆனால் அவளுடைய பெயர் வன்னியில் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயர்.

கொரோனா ஊரடங்கு போட்ட முதல் மாதத்தில், என்னுடைய போனுக்கு முகம் தெரியாத ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி வந்தது. 'வண்டிக்காரி எப்பிடி இருக்கிறா?'

நான் உடனே அழைத்தேன். இரண்டு பேருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறாள். கலியாணம் செய்து ஒரு பெண் பிள்ளை. அப்பா இறந்துவிட்டார். அம்மா அவளோடு இருக்கிறார். நான் என் விவரங்களைச் சொன்னேன். பிறகு அவள்தான் கேட்டாள், மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கண்டுபிடித்தாயா என்று.

கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமை, முழு ஏழு நாள் எடுத்தது. பழைய விளையாட்டுகளைப் பற்றிக் கதைக்கிறவர்கள் கூடும் ஒரு இணையத்தளத்தில் மழை, வண்டி, பெட்டி, தொப்பியைக் கழற்றுகிற கிழவர் என்று எனக்கு ஞாபகம் இருந்ததை எழுதினேன். எந்த நாட்டுக்காரர் என்று தெரியாத ஒருவர் பெயரைச் சொன்னார். யாரோ நாலைந்து பேர் கூலியில்லாமல் சேர்ந்து அதை ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டிருந்தார்கள். அதை என் கம்ப்யூட்டரில் ஓட வைத்தேன். என் திரை அவளுடைய போனில் தெரியும்படி செய்து, பின்னேரங்களில் விளையாடத் தொடங்கினோம். நான் கையால் ஓட்டினேன். ஊரிலுள்ளவர்கள் சொல்வதை வாசித்துத் தமிழில் சொன்னேன். அவள் வன்னியிலிருந்து வழி சொன்னாள்.

இரண்டாவது ஊரில் கிழவர் தொப்பியைக் கழற்றினார். இவ்வளவு காலமும் நாங்கள் கும்பிடுகிறார் என்று நினைத்த அந்த மனிதர் சொன்னதை வாசித்தேன். 'உன் தேனீக்கள் சுகமாக இருக்கின்றனவா, மகளே?'

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பெட்டிக்குள் இருந்தது தேனீ. கதவைச் சாத்தினவர்கள் கொட்டிவிடும் என்று சாத்தியிருக்கிறார்கள். பிள்ளை காதை வைத்து இரைச்சலைத்தான் கேட்டிருக்கிறது.

"அப்ப உங்கட டீவி பழுதில்லையே," என்றாள் அவள்.

நான் குசினிக்குக் குரல் கொடுத்து உம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். உம்மா அகப்பையோடு வந்து திரைக்கு முன்னால் நின்று, கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். வாப்பா மௌத்தாகி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது.

"அந்த மனுசன் இதுக்காகப் புத்தளத்துக்கு ரெண்டு தரம் தூக்கிக்கிட்டுப் போனாரு," என்றார் உம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று போய்விட்டார்.

மலைக்கு அந்தப் பக்கம் மஞ்சள் பூக்கள் நிறைந்த ஒரு வெளி இருந்தது. வண்டிக்காரி வண்டியை நிறுத்தி, சாக்கை எடுத்து மடித்து, பெட்டியின் மூடியைத் திறந்தாள். தேனீக்கள் எழும்பிப் போயின. அவள் புல்லில் உட்கார்ந்தாள். விளையாட்டு முடிந்துவிட்டது. பூ எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோவது அவளுடைய தொழில், அவ்வளவுதான் கதை.

"திரும்பிப் போகேல்லயா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் யோசித்துவிட்டு, எங்கட கதைதான் நல்லது என்றாள். அதனால் வண்டிக்காரிக்கு ஒரு மாலு பாணைக் குறைத்தோம்.

இதையெல்லாம் என் கணவர் திண்டாட்டத்தோடு வீட்டில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர் வருவது நின்று, போட் கரையில் கவிழ்ந்து கிடந்த காலம். நீங்கள் இரண்டு பேரும் கதைப்பதைப் பதிவுசெய்து இணையத்தில் போட்டால் என்ன, கேட்க நன்றாக இருக்கிறதே என்றார். யார் கேட்பார்கள் என்றேன். நான் கேட்பேன்தானே என்றார்.

அப்படித்தான் தொடங்கினோம். பெயர் வைக்க நேரமே எடுக்கவில்லை. 'கூடை' என்று வைத்தோம். எல்லாரும் விளையாடுவதைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்று அவள் சொன்னாள். முடிவுவரை போகாமல் ஒன்றைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்று நான் சொன்னேன், அதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். முகம் காட்டுவதில்லை, விளையாட்டு திரையில் ஓட, பின்னால் எங்கள் குரல். நான் எங்கள் ஊர்ப் பேச்சில், அவள் அவளுடைய ஊர்ப் பேச்சில். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் 'உவ' என்றால் என்ன, 'இரிக்கி' என்றால் என்ன என்று கேட்டு எழுதினார். 'உவ' இந்தப் பெண், 'இரிக்கி' இருக்கிறது என்று விளக்கம் சொன்னோம். அவர் இன்றுவரை கேட்கிறார்.

கேட்பவர்கள் அதிகமில்லை. ஒரு கலியாண வீட்டுப் பந்தலுக்குள் எல்லாரையும் இருத்திவிடலாம். ஆனால் விளையாட்டுகளுக்குப் பஞ்சமில்லை. யாரோ ஒருவர் தனியாக இருந்து வருடக்கணக்கில் செய்து வெளியிட்டு, ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் விட்டவை நூற்றுக்கணக்கில் கிடந்தன. வெளிச்சவீட்டைக் காவல் காக்கிற ஒன்று. மூடப் போகிற சினிமாக் கொட்டகையில் கடைசிப் படம் ஓட்டுகிற ஒன்று. மீன்பிடிக்கிற ஒன்றைப் பற்றிக் கதைத்தபோது என் கணவர் இடையில் புகுந்துவிட்டார். அந்தக் கடலில் காற்றே இல்லை, பிடித்த மீன் நாலு நாளானாலும் நாறுவதில்லை, இது என்ன மீன்பிடி என்று கேட்டார். அதையும் வெட்டாமல் போட்டோம்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற அந்த வருடம் கூடையை நடத்துவது பெரும்பாடாக இருந்தது. அவளுடைய ஊரில் கரண்ட் போகும் நேரம் வேறு, எங்கள் ஊரில் போகும் நேரம் வேறு. இரண்டு ஊரிலும் கரண்ட் இருக்கும் ஒரு துண்டு நேரம் பின்னேரத்தில் கிடைக்கும், அதற்குள் கதைத்து முடிக்க வேண்டும்.

அந்த நாட்களில்தான் ஒரு விளையாட்டை நான் தேர்ந்தெடுத்தேன். ஒரு குடும்பம் வீட்டை விட்டுப் புறப்படுகிறது. அறை அறையாகப் போய், கொண்டுபோக வேண்டிய பொருட்களை எடுத்து ஒரு பைக்குள் அடுக்க வேண்டும். பொருட்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். திருப்பித் திருப்பி வைத்து இடம் பிடிக்க வேண்டும். படங்கள் மிக அழகு. வயலின் வாசிப்பு மனதைப் பிசையும். எனக்கு நிரம்பப் பிடித்திருந்தது. அவளும் முடித்துவிட்டாள் என்று சொன்னாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பதிவு தொடங்கியது. நான் படங்களைப் பற்றிச் சொன்னேன், இசையைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய பக்கம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்துப் பேச்சை நிறுத்தினேன். அப்போது அவள் கதைக்கத் தொடங்கினாள்.

"நல்ல விளையாட்டுத்தான். ஆனா இதில யோசிக்க நேரம் தருகினம். எங்களுக்கு ஒருத்தரும் தரேல்ல. அம்மா அப்பதான் உலையில இருந்து சோத்துப் பானையை இறக்கி வச்சவ. ஓடுங்கோ எண்டு சத்தம் கேக்க, அந்தப் பானையைத்தான் தூக்கினவ. வேற ஒண்டும் எடுக்கேல்ல. பாதி வழியில தம்பி நடக்கமாட்டன் எண்டு இருந்திட்டான். பானையும் சுடுது. அம்மா பானையை மணலில வச்சிட்டுத் தம்பியைத் தூக்கினவ. மூடி விழாம நேரா வச்சவ. திரும்பி வந்து எடுக்கிற மாதிரி." பிறகு விளையாட்டுக்குத் திரும்பினாள். "இந்த விளையாட்டில சுடுற சாமான் ஒண்டும் இல்லையடி."

எத்தனை பின்னேரம் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அம்மிக்குழவி, கோழி என்று எத்தனை சாமான்களின் பெயரைச் சொல்லியிருந்தாள். இதை அவள் சொன்னதில்லை. எங்கள் ஊருக்கு எப்படி வந்தீர்கள் என்று நானும் கேட்டதில்லை, அந்த வயதில் யாரும் யாரிடமும் கேட்கமாட்டோம். 

"பொறகு?" என்றேன்.

"பிறகென்ன. பானை அங்கதான் இருக்கும்," என்று சொல்லி மெதுவாகச் சிரித்தாள்.

பதிவை நிறுத்திவிட்டு இந்த இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள். அம்மாவிடம் போட்டுக் காட்டப் போகிறேன் என்றாள். அவளுடைய அம்மா கேட்டுவிட்டு, பானையில் இருந்தது குத்தரிசிச் சோறு, அதை ஏன் சொல்லாமல் விட்டாய் என்று மட்டும் கேட்டாராம்.

அதைப் போட்டபிறகு எங்களுக்கு வந்த பதில்களில் விளையாட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. தங்கள் வீட்டில் யார் எதைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று எழுதினார்கள். தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக்கொண்டு வந்த ஒரு தகப்பன். ஒரு சினை ஆடு. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் என்று நினைத்து வேறு ஒரு உறையை எடுத்து வந்த ஒரு தாய். வடக்கிலிருந்து வெளியேறி வந்து புத்தளத்திலேயே தங்கிவிட்ட ஒரு வயதான பெண்மணி, பேரனைக் கொண்டு எழுதுவித்திருந்தார். கையில் ஒரு அரிக்கன் லாம்பு மட்டும் இருந்ததாம், அதில் எண்ணெய் இல்லையாம். ஒவ்வொருவருக்கும் அவள் தனித்தனியாகப் பதில் எழுதினாள். அந்த வேலை முடியும்வரை வேறு விளையாட்டு ஒன்றும் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானும் காத்திருந்தேன்.

போன ஓகஸ்டில் எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள தலவில புனித அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு அவள் குடும்பத்தோடு வந்தாள். திருவிழா முடிந்ததும் கணவரும் மகளும் புத்தளத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போக, அவள் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு. பஸ் தரிப்பிடத்துக்கு நான் போயிருந்தேன். இறங்கிய பெண் யாரென்று எனக்கு உடனே பிடிபடவில்லை. உடம்பு வைத்திருந்தாள். அவளும் என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்து நின்றாள். பெட்டியை இறக்கித் தரச் சொல்லிக் கொண்டக்டரிடம் அவள் ஒரு வார்த்தை சொன்ன பிறகுதான் நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். முகம் அந்நியமாக இருந்தது, குரல் என் வீட்டுக் குரல்.

உம்மா அவளைக் கட்டிலில் பக்கத்தில் இருத்தி வைத்து, கன்னத்தைத் தடவி, அப்பாவின் மௌத்தைப் பற்றிக் கேட்டு அழுதார். பிறகு சூடை மீன் வாங்கப் பணம் எடுத்துக் கொடுத்து என் கணவரைச் சந்தைக்கு அனுப்பினார்.

பின்னேரம் பதிவு செய்யலாம் என்று உட்கார்ந்தோம். முதல்முறையாக ஒரே அறையில், ஒரே மைக்குக்கு முன்னால். வரவில்லை. நான் வாய் திறக்கும்போது அவளும் திறந்தாள். அவள் நிறுத்தினால் நானும் நிறுத்தினேன். முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. பார்க்காமல் இருந்தால் யாரோடு கதைக்கிறோம் என்று தெரியவில்லை. இவ்வளவு காலமும் போனில் ஒருத்தியின் குரல் வந்துசேரக் காத்திருந்து காத்திருந்து கதைத்துப் பழகியிருந்தோம். இப்போது காத்திருக்க ஒன்றும் இல்லை, அதுதான் தடுமாற்றம். மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் அழித்தோம்.

கடைசியில் அவள் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். நான் நடுவீட்டில் இருந்துகொண்டு அவளை அழைத்தேன். உம்மா இடையில் வந்து எங்கள் இரண்டு பேருக்கும் சண்டையா என்று கேட்டார். இல்லை உம்மா, கதைக்கிறோம் என்று இரண்டு பக்கத்திலிருந்தும் சொன்னோம். அதன்பிறகு நன்றாக வந்தது. அவள் சொல்வது எனக்கு முதலில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும், ஒரு கணம் பிந்திக் காதிலும் கேட்கும். அந்தப் பதிவில் அவளுடைய குரலுக்குப் பின்னால் உம்மா மீன் பொரிக்கிற சத்தமும் இருக்கிறது. மழை பெய்கிறதா என்று சிலர் கேட்டு எழுதினார்கள்.